வன்னி நாவல் என்றால் போர் இருந்தே ஆகவேண்டுமா?

ஆசிரியருக்கு,

உங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த நாவல் விமர்சனம் பற்றியது இது. கதை வன்னியில் நடக்கிறது, ஆனால் போர் பின்னுக்குப் போய்விட்டது, ஏமாற்றம் என்கிறார் விமர்சகர். சரி, ஏமாந்திருப்பார். அவரை ஏமாற்றியது அந்த நாவலா?

முதல் அத்தியாயத்திலேயே ஒருவரைக் கொன்றுபோட்டுவிட்டு, கொன்றது யார் என்ற பேச்சையே பிறகு எடுக்காத நாவலோடு நானும் சண்டை பிடிப்பேன். அந்த எதிர்பார்ப்பைக் கிளப்பியது அதே நாவல்தான். புத்தகத்தைத் திறக்க முன்னமே நாங்கள் மனதில் கட்டிக்கொண்டு போவதற்கு எழுதியவர் என்ன செய்வார்?

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வந்தது. களம், எங்களுக்கு அயலிலுள்ள தண்ணிமுறிப்பு. இப்போது அதை வாசிக்கிற பிள்ளைகள் சிலர், "இயக்கமும் இல்லை, ஆமியும் இல்லை, இது என்ன வன்னி?" என்று கேட்கிறார்கள். கதிராமனும் பதஞ்சலியும் காட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிற கதை அது. 1984 இல் அந்தப் பக்கத்துச் சனம் ஊர்களை விட்டு வெளியேற வேண்டி வந்தது அந்த நாவலுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று பயந்து பயந்து வாசிக்கிறோம். எழுதியவர் நினைத்தே இராத பயம் அது. என்றாலும், அந்தப் பயத்தாலேயே அந்தக் காடு எனக்கு இன்னும் அருமையாகிவிடுகிறது. (விமர்சகர் இதை எனக்கு எதிராகவே எடுத்துச் சொல்லலாம்.)

அனுக் அருட்பிரகாசத்தின் ஆங்கில நாவல் 'ஏ பாசேஜ் நோர்த்' 2021 இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போகிற கதை. முள்ளிவாய்க்காலைத் தேடிப் போகிறவருக்கு ரயிலில் இருந்து யோசிக்கிற ஒருவன்தான் அகப்படுவான். வசனங்களும் நீளம், இடையில் எனக்கு அலுப்புத் தட்டியது. ஆனால் 2009 க்குப் பிறகு இங்கே எங்கள் சீவியமும் பெரும்பாலும் அப்படித்தானே போகிறது: செத்தவீடு, பயணம், ஓயாத யோசனை.

பதிப்பகங்களையும் சொல்லவேண்டும். உள்ளே இரண்டு சகோதரிகளின் காணிச் சண்டை இருந்தாலும், களம் வன்னி என்றால் அட்டையில் முட்கம்பியும் தலையில்லாத பனையும் வந்துவிடும். விமர்சகராவது, நாவல் எதைக் காட்டித் தொடங்கியது, எங்கே தடம் மாறியது, மாறியது பொருந்தியதா என்று எழுதட்டும். புத்தகக் காசோடு பஸ் காசும் கொடுத்து ரவுனுக்குப் போய் வாங்குகிற எங்களுக்கு அதுதான் தேவை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்.