குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால் பருவமழைக்கு முன்பே தூர்வாரப்பட்டது. பழுதான தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செயற்குழுக் கூட்டங்களில் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது பூங்கா விவகாரம்தான் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

"ஓடுதல், பந்து விளையாடுதல் கூடாது" என்ற பலகை பூங்கா வாயிலில் பல ஆண்டுகளாக இருந்தது. நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் மீது பிள்ளைகள் மோதிவிடுவார்களோ என்ற அச்சத்தில் வைத்த பலகை அது. அச்சம் நியாயமானது, அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடுவதே பெரும்பாடு. அதற்காகப் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது எந்த வகையிலும் முறையாகாது. இப்போது நடைபாதை பெரியவர்களுக்கு, நடுத்திடல் மாலை 4 மணி முதல் 6.30 வரை குழந்தைகளுக்கு என்று பிரித்து, பலகையை எடுத்துவிட்டோம்.

5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி, வேன், டியூஷன், வீட்டுப்பாடம் என்று கழியும் நாளில் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? இந்த மாலைப் பொழுதை விட்டால் வேறில்லை.

பயிற்சியாளரை அமர்த்தி, வரிசையாகச் சுற்றி ஓடவிடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் யோசனை கூறினர். நல்லெண்ணத்தில் கூறியதுதான், எனினும் செயற்குழு ஏற்கவில்லை. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அவர்களது வேகமான இயக்கம் பெரும்பாலும் சில விநாடிகளே நீடிக்கிறது என்று கண்டது. பாய்வார்கள், நிற்பார்கள், மீண்டும் பாய்வார்கள். நம் திடலில் 'கல்லா மண்ணா' ஆடுவதைப் பார்த்தாலே தெரியும். மண்ணில் இருப்பவள் கல்லுக்குத் தாவுகிறாள், ஒற்றைக்காலில் தள்ளாடுகிறாள், பிடிக்க வருபவனை ஏய்த்துத் திரும்பி ஓடுகிறாள். எலும்புக்கு வலுவூட்டும் குதிப்பும் உடலின் சமநிலையும் அதிலேயே கிடைத்துவிடுகின்றன. விசில் ஊதிக் கற்றுத்தர வேண்டிய எதுவும் அங்கே பாக்கியில்லை. இடமும் நேரமும் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கி நின்றால் போதும்.

வெளித்தெருப் பிள்ளைகளும் வீட்டு வேலைக்கு வருவோரின் பிள்ளைகளும் உள்ளே வரலாமா என்ற கேள்வி எழுந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒப்படைக்கப்பட்ட இடமே நம் பூங்கா. அது ஊருக்குச் சொந்தம். சங்கம் பராமரிக்கிறது, அவ்வளவே. எந்தக் குழந்தையையும் வாயிலில் தடுக்கக் கூடாது என்று காவலரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது. ஆறாம் வகுப்பைத் தாண்டிய பெண்பிள்ளைகள் திடலுக்கு வருவது அநேகமாக நின்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயது வரையிலான பெண்களில் 85 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆண்களில் இது 78 சதவீதம். தாய்மார்கள் சிலர் மாலையில் முறைவைத்துத் திடலோரம் அமர முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. பெண்பிள்ளைகளை "பெரியவளாகிவிட்டாய், ஓடாதே" என்று வீட்டில் நிறுத்திவிட வேண்டாம் என்று பெற்றோரை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் ஊஞ்சலடியில் மணல் நிரப்பவும், கழிப்பறைக் கதவைச் சீரமைக்கவும் நிதி ஒதுக்க வேண்டும். நடுத்திடலில் சிமென்ட் கற்கள் பதிக்கும் திட்டத்தைக் கைவிடுமாறு செயற்குழு பரிந்துரைக்கிறது. விழுந்தால் தாங்குவது மண்தான். தேர்வு மாதங்களில் பூங்காவைப் பூட்டும் பழைய வழக்கத்தை நிறுத்தும் தீர்மானமும் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது. இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானத்தையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்