மீன்கடை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டீர்களா?

இந்த மாதக் கடைசியோடு நூலகத்தின் சிறுவர், இளையோர் பகுதியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். 19 வருடம். சேர்ந்தபோது பிள்ளைகள் அக்கா என்றார்கள், அப்புறம் ஆன்ட்டி, போன வருடம் ஒரு வாண்டு முகத்தை நேராகப் பார்த்துப் பாட்டி என்றான், சரி, கிளம்ப வேண்டியதுதான் என்று புரிந்துவிட்டது. கடைசி நாளில் கேக் வெட்டுவார்கள், பேசச் சொல்வார்கள், எனக்கோ ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்ளும் ஆட்கள் இதில் நிறைய இருப்பதால் பெயர் கிடையாது. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் மீன்கடை அண்ணே.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி பெய்த மழையை, மலேசியாவில் எங்கள் பினாங்கில் அன்றைக்கு இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கதவைத் திறந்தால், பெரியவர்கள் பகுதியில் கீழ்த்தட்டு மட்டும்தான் நனைந்திருந்தது. எங்கள் அறையில் ஏறக்குறைய எல்லாமே போயிருந்தது. குழந்தைக்குக் கை எட்ட வேண்டுமே என்று எங்கள் அலமாரிகள் இடுப்பளவுகூட இருக்காது, படப்புத்தகப் பெட்டிகள் தரையிலேயே கிடக்கும். தவழ்கிற பிள்ளைக்கு எட்டுவது வெள்ளத்துக்கும் எட்டத்தானே செய்யும்.

படப்புத்தகம் நனைந்தால் சாதாரணக் கதைப்புத்தகத்தைவிட மோசம். வழவழப்பான தாள், அதன் மேல்பூச்சு ஈரத்தில் பசையாகிவிடும், காயக் காய ஒரு பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டி, கடைசியில் செங்கல்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் வேறு. கைக்குழந்தைகளின் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பூரி மாதிரி உப்பிக் கிடந்தன. அவற்றை யோசிக்காமல் தூக்கிப் போட்டோம், எல்லாவற்றையும் வாயில் வைத்துக் கடிக்கிற வயசு, சாக்கடைத் தண்ணீரில் ஊறியதை எப்படிக் கொடுப்பது? மலாய், ஆங்கிலப் புத்தகங்களை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தமிழ்ப் படப்புத்தகத்துக்கு எங்கே போவேன்? பாதிக்கு மேல் சென்னைக்குப் போய்வந்தவர்களின் பெட்டியில் வந்தவை, சிலது இப்போது அச்சிலேயே இல்லை.

நனைந்த புத்தகத்தை உறைய வைத்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது, பக்கங்களும் ஒட்டாமல் அப்படியே நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காய வைக்கலாம் என்று ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஃபிரீசருக்கு எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சந்தைக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்து, ஆளே சேறும் சகதியுமாக நின்றுகொண்டிருந்தார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எத்தனை கிலோ இருக்கும்மா?" என்றார். தூண்டில் இரை போட்டு வைத்திருந்த பழைய ஃபிரீசர் ஒன்று மேல்மாடியில் இருந்ததால் தப்பித்திருந்தது, அதைக் காலி செய்து கழுவிக் கொடுத்தார்.

63 புத்தகங்கள். ஒவ்வொன்றையும் குழாய்த் தண்ணீரில் அலசி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, முதுகுப் பக்கம் கீழே வருகிற மாதிரி மீன் தொட்டிகளில் அடுக்கிக் கொண்டுபோனோம். அப்புறம் தினமும் நாலைந்து வெளியே எடுப்போம், உறைந்தது இளகியதும் பக்கங்களுக்கு நடுவே தாள் வைத்து, ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைக்க வேண்டும். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டிக்கொள்ளும். அச்சகத்து அங்கிள், நீங்கள் சுருள் முடிகிறபோது மிஞ்சும் வெள்ளைத்தாளை மோட்டார்சைக்கிள் பின்னால் கட்டி வாரா வாரம் கொண்டுவந்து போட்டுவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விடுவீர்கள். இப்போது சொல்கிறேன், காம் சியா அங்கிள்.

41 பிழைத்தன. மீன் வாசம் லேசாக இருக்கத்தான் செய்தது. ஒரு குட்டிப் பெண் யானைக் கதையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது நெத்திலிக் கதையா?" என்றாள்.

தாள் மாற்றியது யார் தெரியுமா? நான் இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த பையன்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அம்மாக்களின் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து அம்மா வரும்வரை வீட்டில் ஆளில்லை, பள்ளிச் சீருடையோடு எங்களிடம் வந்து ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்து வைஃபையில் விளையாடுவார்கள். புத்தகத்தைத் தொடக்கூட மாட்டார்கள். இளையோருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை சீட்டு எழுதிப் போடச் சொன்னேன், வந்த சீட்டுகளில் முக்கால்வாசி "பிளக் பாயிண்ட்". அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அந்த நவம்பரில் படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு) பையன்களுக்குப் பிடி3 என்ற அரசுத் தேர்வு முடிந்திருந்தது, வேறு வேலையும் இல்லை. தரையில் சேறு தள்ளினார்கள், ஈரம் படாத மேசைகளை மாடிக்குத் தூக்கிப்போய் வரிசையாகப் போட்டார்கள், ஏனென்றால் திங்கட்கிழமை அண்ணன் அக்காக்களுக்குப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். தொடங்குகிறது, வெள்ளம் புகுந்த வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பது? தம்பிகளா, அதற்கப்புறம்தான் நான் பிளக் பாயிண்டுக்கு விண்ணப்பம் எழுதினேன். லேட்தான்.

பையன்கள் உட்காரும் அதே மூலைக்குச் சித்திரக்கதைத் தொகுதிகள் கேட்டபோது மேலிடத்தில் ஒருவர் "அதெல்லாம் புத்தகமா?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். உங்களில் சிலர் வீட்டிலிருந்தே கொண்டுவந்து வைத்தீர்கள், அதில் மூன்று திரும்பி வரவேயில்லை, போகட்டும். காவலாளி மாமா, எங்கள் பாக்சிக், மூடும் நேரம் தாண்டியும் அம்மா வராத பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறேன். சம்பளத்தில் சேராத வேலை அது. தெரிமா காசே, நன்றி, பாக்சிக்.

சென்னைக்குப் போய்வந்த எல்லாருக்கும். 1816லேயே பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது, 2016ல் இருநூறாவது ஆண்டை நாடே கொண்டாடியது. அந்த ஊரில் சிறுவர் பகுதித் தமிழ்ப் புத்தகங்களுக்கு எனக்குக் கிடைத்தது இரண்டு தட்டு, அதையும் நிரப்ப வழியில்லை. உங்களிடம் பட்டியல் கொடுத்து அனுப்புவேன். ஓர் அக்கா விமான நிலையத்தில் எடை கூடிப்போய் இரண்டு புடவையை அங்கேயே சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகங்களோடு வந்திறங்கினார். அந்தப் புடவை வந்து சேர்ந்ததா என்று இன்றுவரை கேட்கப் பயம்.

வந்த புத்தகம் அலமாரிக்குப் போவதற்குள் இன்னொரு கூத்து. கணினிப் பட்டியலில் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பதிந்திருந்தார்கள். 'பழம்' என்ற ஒரே சொல்லை ஒருவர் 'பலம்' என்று படிக்கிற மாதிரி அடித்திருப்பார், இன்னொருவர் 'பசம்' மாதிரி, மூன்றாமவருக்கு அது வேறெதுவோ. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு ஒரே எழுத்தாளரை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். பிள்ளை தேடினால் இல்லை என்று வரும், புத்தகம் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஐயா ஒருவர் வாரம் இரண்டு மதியம் வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திருத்தினார். எட்டு மாதம். ஐயா, நீங்கள் 'ழ'வுக்காக எங்கள் ஊழியரோடு போட்ட சண்டையை அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது அவருக்கே ழ வருகிறது.

2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கதவைப் பூட்டியபோது சனிக்கிழமைக் கதைநேரத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) குரலாக அனுப்பினேன், புத்தகத்தை அப்படியே வாசித்து அனுப்ப உரிமை வேண்டும் என்பதால் எங்கள் பாட்டி சொன்ன கதைகள்தான். ஒரே நரியை வைத்து எத்தனை வாரம் ஓட்டுவது! சகித்துக்கொண்டு கேட்ட வீடுகளுக்கெல்லாம் நன்றி. சேவல் சத்தத்துக்கு மன்னிக்கவும், அது பக்கத்து வீட்டுச் சேவல்.

ஒருவரிடம் மட்டும் நன்றிக்கு முன்னால் மன்னிப்பு. நான் வேலைக்கு வந்த புதிது. ஒரு நாலாம் ஆண்டுப் பிள்ளை தாமதக் கட்டணம் கட்டாமல் புத்தகம் கேட்டது, விதி விதிதான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அது கையில் இருந்த புத்தகத்தை முகப்பில் வைத்துவிட்டுப் போனது, பிறகு வரவேயில்லை. மறுநாள் அதன் தாத்தா வந்து சில்லறையை எண்ணி வைத்தார், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் தாத்தா. அதற்கப்புறம் எந்தப் பிள்ளையிடமும் நான் சத்தமாகக் காசு கேட்டதில்லை, என் மேசை இழுப்பறையில் சில்லறை டப்பா ஒன்று வந்ததும் அதனால்தான். புதிதாகப் பொறுப்புக்கு வரும் தங்கையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டேன்.

அண்ணே, கடைசியாக ஒன்று. உங்கள் நீல மீன் தொட்டிகளில் ஒன்று இன்னும் எங்கள் ஸ்டோரில்தான் இருக்கிறது, பொம்மைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். கழுவி வைக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் அதற்குள் ஏறி உட்கார்ந்து படகு ஓட்டுகிறார்கள்.