மழைமானியில் தொடங்கட்டும் வானியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

பருவமழை எச்சரிக்கைகளை மக்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்று வருந்தியிருந்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். குறை மக்களிடம் இல்லை. வானத்தைப் பார்க்கவும் மழையை அளக்கவும் பள்ளியில் நாம் பழக்குவதே இல்லை. வானியலும் வானிலையும் படமும் வரையறையுமாக முடிந்துபோகின்றன. சென்னையிலோ இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக்கூடத்தில் விண்மீன்களை நோக்கியவர்களே வானிலையையும் பதிவு செய்தார்கள். 1861-இல் வானியலாளர் நார்மன் போக்சன் ‘ஆசியா’ என்ற சிறுகோளைக் கண்டறிந்ததும் இங்கிருந்துதான். அக்கூடத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டுடன், இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்!

நான் ஆசிரியையாக இருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவர்களை நேர்ச்சுவர் கொண்ட கண்ணாடிக் குவளையை மொட்டைமாடியில் வைத்து மழையை அளக்கச் சொன்னேன். 1 செ.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 10 லிட்டர் நீர் என்று கணக்கிட்ட ஒரு மாணவி, மறுநாளே தன் வீட்டு மாடியை அளந்துவந்து, ‘எங்கள் மழைநீர்த் தொட்டி போதாது, டீச்சர்’ என்றாள். எந்தப் பாடநூலும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. மாநகராட்சிப் பள்ளிகள்தோறும் ஒரு மழைமானி வைத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாணவர்களே காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் அளவுகளோடு ஒப்பிடச் செய்யலாம். அந்தத் தூண் நிற்கும் வளாகத்தையும் மாதம் ஒருநாள் பள்ளிகளுக்குத் திறந்துவிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, சூளைமேடு, சென்னை