பைனாகுலர் வாங்க வருகிறவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்து ஊருணியும் கண்மாயும் நிரம்பத் தொடங்கிவிட்டால், மூக்குக் கண்ணாடிக்கு வழக்கமாக வருகிற நீங்களே பைனாகுலர் கேட்டும் வருகிறீர்கள். வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பறவை பார்க்கப் போக வேண்டும் என்பீர்கள். கோபுரத்துச் சுதைகளைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். எவ்வளவு அகலம் காட்டும், அரை மணி நேரம் பார்த்தாலும் கண் நோகாமல் இருக்குமா என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

போன வருஷம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெளியூரில் வாங்கிய பைனாகுலரோடு வந்தார். பத்து மடங்கிலிருந்து முப்பது மடங்கு வரை திருகித் திருகிப் பெரிதாக்கும் ஜூம் வகை. "தம்பி, வெறுங்கண்ணுக்கு நாரை தெரியுது. இதைத் தூக்கி வச்சா காணோம். தேடிப் பிடிக்குறதுக்குள்ள அது பறந்து போயிருது" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அடுப்பு ஊதுகிற ஊதாங்குழல் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவர் கண்ணாடி போடுகிறவர் வேறு. எனக்குத் தெரிந்த வட்டத்தில் பாதிகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய வீடு இருக்கிறது. அதன் முகப்பு உச்சியில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானைகள், ஓரங்களில் துப்பாக்கி பிடித்த இரண்டு சிப்பாய்கள். கடை வாசலிலிருந்து ஏறக்குறைய ஐம்பது மீட்டர். ஆசிரியர் சாரை வாசற்படியில் நிற்க வைத்து, அவருடைய ஜூமைப் பத்து மடங்கிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன். லட்சுமி மட்டும் தெரிந்தாள், யானைகள் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தன. பிறகு 8x42 ஒன்றைக் கொடுத்தேன். யானைகளும் சிப்பாய்களும் ஒரே பார்வையில் வந்துவிட்டார்கள். சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். அகலம் பெட்டியின் மேல் தனியாக அச்சிட்டிருக்கும். 1000 மீட்டரில் இத்தனை மீட்டர் என்றோ, இத்தனை டிகிரி என்றோ போட்டிருப்பார்கள். ஒரு டிகிரிக்குப் பதினேழரை மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 7.5 டிகிரி காட்டுகிற எட்டு மடங்கு பைனாகுலரில் 1000 மீட்டருக்கு 131 மீட்டர் அகலம் கிடைக்கும். அப்படியென்றால் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கருவேல மரத்தை அதன் பக்கத்து மரத்தோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். பத்து மடங்கு வாங்கினால் பெரும்பாலும் 105லிருந்து 115 மீட்டர் வரைதான் வரும். ஜூம் வகைகளில் இதைவிடவும் வெகுவாகக் குறையும். மடங்கு கூடக் கூட அகலம் குறையும், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். முப்பது மடங்கைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, ஸ்டாண்டு வேண்டும்.

வேட்டங்குடியில் நத்தைகுத்தி நாரையைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த நாரை வாயை மூடினாலும் அலகு நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். அந்த இடைவெளியைப் பார்க்க எட்டு மடங்கு போதும். ஆனால் கூட்டுக்கு இரையோடு இறங்கும் நாரையை, அது இறங்குவதற்குள் வட்டத்துக்குள் கொண்டுவர அகலம் வேண்டும். அங்கே பெரிய கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கண்ணாடி போடுகிறவர்கள் அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு பைனாகுலருக்கும் கண் பக்கக் கண்ணாடியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் தள்ளிக் கண் இருந்தால்தான் முழு வட்டமும் தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. பெட்டியில் ஐ ரிலீஃப் என்று போட்டிருப்பது அதுதான். பத்து, பதினொன்று என்றிருந்தால் வெறுங்கண்ணோடு பார்க்கிறவர்களுக்குச் சரி. நாம் கண்ணாடியோடு பார்க்கும்போது கண் தள்ளிப் போய்விடும், ஓரமெல்லாம் இருட்டாகி நடுவில் ஒரு வட்டம்தான் மிஞ்சும். 16 அல்லது 17 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பைனாகுலரின் கண் பக்கக் கண்ணாடி உள்ளே பதிந்திருக்கும், சுற்றியுள்ள ரப்பர் விளிம்பும் இரண்டு மூன்று மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்கள் சொந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ரப்பர் குவளையை, கண்ணாடி போடுகிறவர்கள் உள்ளே திருகி இறக்கிவிட வேண்டும், மற்றவர்கள் வெளியே இழுத்து வைக்க வேண்டும். இது தெரியாமலேயே பைனாகுலர் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் பல பேர்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் நடுச் சக்கரத்தைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம். உங்கள் சீட்டில் சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாத குறைக்குக் கொடுப்பது) இருந்தால் அந்தக் குறையைப் பைனாகுலர் சரிசெய்யாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். வெள்ளெழுத்துக்கு மட்டும் போடுகிற கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பைஃபோக்கல் போடுகிறவர்கள் மேல்பாதி வழியாகப் பார்க்கும்படி தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

நல்ல அகலமும் கண்ணுக்கு நல்ல இடைவெளியும் ஒன்றாக வேண்டுமென்றால் கண் பக்கக் கண்ணாடிகள் பெரிதாக, நுட்பமாக இருக்க வேண்டும். விலை அங்கேதான் ஏறுகிறது. மடங்கைக் கூட்டிக் காட்டுவது மலிவு, இதுதான் செலவு. உங்கள் பணத்தை இதற்குக் கொடுங்கள் என்று மனசாரச் சொல்கிறேன்.

இந்த ஊரில் வேறு கடைக்கு வராத ஒரு வேலையும் எங்களுக்கு வரும். ஆச்சி ஒருவர் தோல் பெட்டியோடு வந்து, "எங்க ஐயா ரங்கூன்ல வாங்குனது. பேரனுக்குக் குடுக்கணும், துடைச்சுக் குடுங்க தம்பி" என்றார். பித்தளை உடம்பு, கண் பக்கம் கெட்டியான கறுப்பு விளிம்பு, நடுச் சக்கரம் கிடையாது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருக வேண்டும். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. துடைத்துக் கொடுத்தோம். பேரன் கண்ணாடி போடுகிற பிள்ளை. அந்தக் காலத்துப் பைனாகுலர்களில் கண்ணுக்கு இடைவெளி மிகக் குறைவு, அதனால் அவனுக்கு ஓரம் தெரியவில்லை. அதைக் கண்ணாடிப் பீரோவில் வையுங்கள், விற்றுவிட வேண்டாம் என்றுதான் ஆச்சியிடம் சொன்னோம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருளோடு பொருளாக இப்படி ஒன்றைப் பார்த்து, பறவை பார்க்க என்று வாங்க நினைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

பார்த்தால் தலைவலி வருகிறது என்பவர்கள் முதலில் கண்களின் இடைவெளிக்கு ஏற்றபடி இரண்டு குழலையும் மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி வையுங்கள். அப்புறம் வலது குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடி, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருகுங்கள். ஒரு முறை செய்தால் போதும், அந்த வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் ஓட்டு வீட்டு முகடு இரண்டு கோடாகத் தெரிந்தால் குழல்கள் விலகியிருக்கின்றன. கீழே விழுந்ததாக இருக்கும், அல்லது செய்யும்போதே அப்படி வந்திருக்கும். கண் அதை இழுத்துச் சேர்க்கப் பாடுபடுவதால்தான் வலி. அதை வைத்துப் பார்க்க வேண்டாம்.

சிறு பிள்ளைகளுக்குக் கண்ணிடைவெளி குறைவு, பெரிய பைனாகுலர் அந்த அளவுக்கு மடங்காது. கூட்டிக்கொண்டு வாருங்கள், மடக்கிப் பார்த்தே எடுப்போம். முன்கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னுவதைப் பார்த்து மயங்காதீர்கள். சிவப்பு வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பிவிடும், உள்ளே எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது, ஒரு நொடியில் கண் போய்விடும். இதைப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் வந்தால் வெயில் தாழ்ந்து முகப்பின் மேல் விழும். தினமும் போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வாருங்கள். வாசற்படியில் பத்து நிமிஷம் நின்று, இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பாருங்கள். அன்றைக்கே வாங்க வேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
உங்கள் கண்ணாடிக் கடை, காரைக்குடி