அந்த 'ரீசெட்' பொத்தானைத் தொடாதே, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று இரவு போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்று வருட ஆய்வு லேப்டாப்புக்குள் இருக்கிறது, திரையில் நீல நிறம்தான் வருகிறது என்று சொல்லி அழுதாய். அழுகிற நேரத்தில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்.

லேப்டாப்பை அணைத்து வை. 'இந்தத் தடவை வந்துவிடுமோ' என்று திரும்பத் திரும்ப ஆன் செய்யாதே. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்க முயலும். சில சமயம் டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தி எழுதவும் தொடங்கிவிடும். நல்ல டிஸ்க் என்றால் பரவாயில்லை. உன்னுடையது அப்படி இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டு வாரமாக ஒரு ஃபைல் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது என்று நீதானே சொன்னாய்? டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியாமல் அது மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்திருக்கும். அந்த நிலையில் இருக்கிற டிஸ்க்கிடம் நாம் வாங்க வேண்டிய வேலை ஒன்றுதான்: ஃபைல்களைப் படித்துக் கொடுப்பது. எழுதுகிற வேலை எதையும் அதற்குக் கொடுக்கக் கூடாது.

உன் தோழி சொன்ன 'ரீசெட்' வேண்டாம். ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வழி அதில் இருப்பது உண்மைதான். ஆனாலும் முழு விண்டோஸையும் அதே டிஸ்க்கில் புதிதாக எழுதும். பாதியில் டிஸ்க் நின்றுவிட்டால்?

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னவள். நம் முதல் கணினி இப்படித்தான் ஒருநாள் தொடங்க மறுத்தது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். மறுநாள் பளிச்சென்று ஓடியது, புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார். உள்ளே எதுவும் இல்லை. படங்களை முதலில் எடுத்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலைக் கற்றுக்கொண்டு இரவிரவாக ஓட்டினேன். கொஞ்சம் படங்கள் கிடைத்தன, ஆனால் பெயரும் தேதியும் இல்லாமல், வெறும் எண்களாக. சிலவற்றில் மேல் பாதியில் உன் முகம் இருக்கும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும். அந்த இடத்தில்தான் விண்டோஸ் எழுதியிருந்தது. உன் தாத்தாவின் குரலைக் கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். அது வரவே இல்லை.

உன் நிலை அதைவிட எவ்வளவோ மேல். இன்னும் யாரும் அதன்மேல் எழுதவில்லை.

போனிலிருந்தே இரண்டு காரியம் செய். ஒன்று, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவைத் திறந்து பார். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் நமக்குத் தெரியாமலேயே அங்கே போய்க்கொண்டிருந்திருக்கலாம். வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் பார். இணைப்பில் போன அத்தியாயங்கள் அப்படியே இருக்கும். இரண்டாவது, உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார். 48 இலக்க எண் அது. பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட்டப்பட்டிருந்தால் அந்த எண் இல்லாமல் நீ மட்டுமல்ல, எந்த நிபுணரும் உள்ளே போக முடியாது. கிடைத்தால் தாளில் எழுதி வை.

அடுத்து, வேறு ஒரு கணினி கொஞ்ச நேரத்துக்கு வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலியானதாக எடு. விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்க உதவும் லினக்ஸ் மின்ட்டை இணையத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற நிரலால் அதில் ஏற்று. வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. பிறகு அதை உன் லேப்டாப்பில் செருகி, ஆன் செய்தவுடன் எஃப் 12 பொத்தானைத் தட்டிக்கொண்டே இரு. சில லேப்டாப்களில் எஃப் 9, சிலவற்றில் எஸ்கேப். ஒரு பட்டியல் வரும், பென்டிரைவைத் தேர்ந்தெடு. லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடும், உன் டிஸ்க்கைத் தொடாது. திரையில் 'இன்ஸ்டால்' என்று ஓர் ஐகான் இருக்கும். அதை மட்டும் அழுத்திவிடாதே.

ஃபைல் மேனேஜரில் உன் டிஸ்க் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பூட்டு இல்லாத டிஸ்க் என்றால் விண்டோஸ் பாஸ்வேர்டு கூடக் கேட்காது. (அது யோசிக்க வேண்டிய விஷயம்தான், இன்னொரு நாள் பேசுவோம்.) விண்டோஸ் முழுதாக அணையவில்லை, ஆகவே படிக்க மட்டும்தான் முடியும் என்று ஒரு செய்தி வரலாம். பயப்படாதே. விண்டோஸ் வேகமாகத் தொடங்குவதற்காகத் தன் நிலையைப் பாதி உறக்கத்தில் சேமித்து வைக்கும், அதனால் வருவது. நமக்கும் படிக்க மட்டும்தானே வேண்டும்? அந்த உறக்க ஃபைலை அழிக்கச் சொன்னால் அழிக்காதே. டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்.

யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உன் பெயர் இருக்கும். அங்கே மொத்தத்தையும் பிடித்து இழுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுவிடாதே. பலவீனமான டிஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வேடு முதலில். அடுத்து தரவுகள், பிறகு நேர்காணல் ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு அடுத்தது. ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதைத் தாண்டிப் போ. நகலெடுக்கும் டிஸ்க் எஃப்ஏடி 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. உன் வீடியோ பதிவுகள் அங்கே மாட்டும். எக்ஸ்எஃப்ஏடி என்றால் பிரச்சினை இல்லை.

நடுவில் எப்போதாவது 'டக் டக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், அந்த நொடியே பவரை நிறுத்து. யோசிக்காதே, இன்னும் ஒரு ஃபைல் என்று ஆசைப்படாதே. டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே, மயிரிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கும். அது தட்டைத் தொட்டுவிட்டால் சுரண்டிவிடும், சுரண்டிய இடத்தில் இருந்தது யாருக்கும் திரும்பக் கிடைக்காது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. திறந்தும் பார்க்காதே. அப்புறம் தூசியில்லாத அறை வைத்திருக்கிற மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செலவு ஆகும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சத்தம் இல்லை, ஆனால் பல ஃபைல்கள் வர மறுக்கின்றன என்றால் அத்துடன் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. டிடிரெஸ்க்யூ என்று, கெட்டுப்போகிற டிஸ்க்கை நகலெடுக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு பொறுமையாகத் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளும், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உன் டிஸ்க்கைவிடப் பெரியதாக ஒரு காலி டிஸ்க் வேண்டும். கட்டளைகளை நான் வரிவரியாகச் சொல்கிறேன்.

எல்லாம் வந்த பிறகு ஆய்வேட்டை வேறு கணினியில் திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பார். ஃபைல் பெயர் இருப்பதை வைத்து நிம்மதி அடையாதே. பார்த்த பிறகு அதே நாளில் இன்னொரு இடத்திலும் ஒரு நகல் போடு.

சாம்பல் பட்டை விழுந்த அந்தப் பழைய படங்களை உனக்கு அனுப்பியிருந்தேன், அவையும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். அவற்றுக்காக ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காதே. என்னிடம் மூன்று இடத்தில் இருக்கின்றன.

டிஸ்க் தெரிந்ததும் கூப்பிடு, எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
அம்மா