ஞாயித்துக்கிழமை மதியப் படத்தை திரும்பக் கொடுங்க: தூர்தர்ஷனுக்கு ஒரு திறந்த மடல்

தூர்தர்ஷன்ல எந்தப் படம் எப்ப போடணும்னு முடிவு பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு சினிமாப் பைத்தியம் பிடிச்சதே உங்களாலதான். தொண்ணூறுகள் ஆரம்பத்துல ஞாயித்துக்கிழமை மதியம் விருது வாங்கின மாநில மொழிப் படம் ஒண்ணு போடுவீங்க, ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் மலையாளம், ஒரு வாரம் அஸ்ஸாமி, தமிழ் எப்ப வரும்னு காத்துக் கெடப்போம். தெருவுல முக்காவாசிப் பேர் 'அவார்டு படமா, ஆள விடு'ன்னு டிவியை ஆஃப் பண்ணிட்டு தூங்கிருவாங்க. எங்க வீட்ல அத்தையும் நானும் மட்டும் உக்காந்திருப்போம். கீழ ஓடுற இங்கிலீஷ் சப்டைட்டிலை நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு அத்தைக்கு தமிழ்ல சொல்லணும், ஒரு வரி சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு வரி ஓடிப்போயிருக்கும்.

அப்படித்தான் 'மதிலுகள்' பாத்தோம். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் எழுதின கதை, அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்து ஜெயில், ஆம்பளைங்க பக்கம் மம்மூட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க ஜெயில்ல நாராயணின்னு ஒரு பொண்ணு. அவ குரல் மட்டும்தான் வரும். வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஒரு காஞ்ச சுள்ளியை மேல தூக்கி எறிவா, மதிலுக்கு மேல அந்தச் சுள்ளி எழும்புறது தெரிஞ்சதும் இவர் ஓடுவார். "மூஞ்சியக் காட்டுவாங்களாடா"ன்னு அத்தை கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசி வரைக்கும் காட்டல. அன்னைக்கு சாயங்காலம் பூரா அத்தை நாராயணியப் பத்தியேதான் பேசினாங்க, எப்படி இருந்திருப்பான்னு. கே.பி.ஏ.சி. லலிதாவோட குரல்தான் அதுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். 1989க்கான தேசிய விருதுல அடூருக்கு சிறந்த இயக்குநர் விருது கெடச்சதும் அப்புறம்தான் தெரியும்.

பல வருஷம் கழிச்சு பஷீரைத் தமிழ்ல படிச்சேன். புத்தகத்துலயும் அவ குரல் மட்டும்தான். எழுத்துல முகத்தை மறைக்கிறது ஈஸி, கேமராவ வச்சுக்கிட்டு மறைக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா நாவலை அப்படியே எடுத்தாத்தான் நல்ல படம்னு நான் சொல்ல வரல. மகேந்திரன் புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யில இருந்து 'உதிரிப்பூக்கள்' எடுத்தார், கதையில இருந்து ரொம்ப தூரம் போயிட்டார், ஆனா அந்த ரெண்டு பிள்ளைங்களோட தவிப்பு கொஞ்சம்கூட கொறையல. எனக்கு ரெண்டு பேர் பண்ணினதும் சரிதான்.

இப்ப உள்ள பசங்களுக்கு இந்த ருசி இல்லேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 'அசுரன்' பாத்துட்டு பூமணியோட 'வெக்கை'யத் தேடிப் படிச்ச பசங்களை எனக்குத் தெரியும், 'விசாரணை' பாத்துட்டு சந்திரகுமாரோட 'லாக்கப்' கேட்டு என்கிட்டயே வந்தாங்க. புதுப்படம் ஓடிடில கெடைக்குது, பிரச்சினை இல்ல. பழசுக்கு எங்க போறது? ஜெயகாந்தன் தன் நாவலை தானே எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்', 1964க்கான தேசிய விருதுல மூணாவது சிறந்த படம், அதை நான் இருபது வருஷமா தேடுறேன், ஒரு காட்சிகூட பாத்ததில்ல. எம்.டி. வாசுதேவன் நாயர் எடுத்த மலையாளப் படம் 'நிர்மால்யம்' பாக்கணும்னா மங்கலான பிரிண்ட்டு, பாதி வசனம் இரைச்சல்ல போயிருது.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. வாரத்துக்கு ஒரு படம், அதே ஞாயித்துக்கிழமை மதியம். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துல இருக்கிற நல்ல பிரிண்ட்டா வாங்கிப் போடுங்க. கதையிலிருந்து எடுத்த படம்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் அந்த எழுத்தாளரைப் பத்தி சொல்லுங்க, புத்தகம் தமிழ்ல வந்திருந்தா அதோட பேரையும் சொல்லுங்க. 2024ல ஆரம்பிச்ச உங்க வேவ்ஸ் ஆப்லயும் போட்டு வச்சீங்கன்னா ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறவங்களும் பாத்துக்குவாங்க.

அப்புறம் தமிழ் சப்டைட்டில், அது கண்டிப்பா வேணும். அத்தைக்கு இப்ப எழுபத்தெட்டு வயசு, கண்ணாடி போட்டா பேப்பர் நல்லாவே படிக்கிறாங்க. எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க, இந்தத் தடவை அவங்களே படிச்சுக்குவாங்க.