நிலையம் மூடியிருக்கும் நாட்களில் முடி, நகம், தோல் பராமரிப்பு: கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

தொற்றுப் பரவலைத் தடுப்பதற்காக எங்கள் அழகு நிலையம் மீண்டும் மூடப்பட்டிருக்கிறது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்ததிலிருந்து, மூடுவதும் திறப்பதும் மறுபடி மூடுவதுமாகவே எங்கள் தொழில் நடந்துகொண்டிருக்கிறது. இந்த நாட்களில் உங்களில் பலர் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: வீட்டிலேயே எதைச் செய்துகொள்ளலாம், எதில் கை வைக்கக் கூடாது? அதோடு, எங்கள் நிலை என்னவென்று விசாரித்து, உதவ என்ன வழி என்றும் அக்கறையோடு கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து விரிவாகப் பதில் எழுதுவதே முறை என்பதால் இந்த மடல்.

நாங்கள் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். தவறிப்போனாலும் சில நாட்களில் சரியாகிவிடக்கூடியதைத் தயங்காமல் வீட்டில் செய்யுங்கள். தவறினால் மாதக்கணக்கில் சுமக்க வேண்டியதை நாங்கள் திறக்கும் வரை தள்ளிவையுங்கள். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கிறது. கைவிரல் நகம் அடியிலிருந்து நுனி வரை புதிதாக வளர்ந்து முடிய ஆறு மாதம் வரை ஆகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

அதிகம் கேட்கப்படுவது நரைக்குச் சாயம் பூசுவது பற்றித்தான். கடையில் வாங்கும் பெட்டிச் சாயத்தை நாங்கள் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வேரில் தெரியும் நரையை மறைக்க அது போதும். ஆனால் நிரந்தரச் சாயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பூசுவது நல்லது. அதிலுள்ள அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியின் மேல்செதில்களை விரியச் செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு முடிக்குள் இருக்கும் இயற்கை நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்து, சாயத்தின் மூலப்பொருள்களைப் பெரிய நிறமிகளாக மாற்றி அங்கேயே தங்கவைக்கிறது. ஆகவே ஏற்கெனவே சாயம் ஏறிய நீளத்தின்மேல் மாதாமாதம் மறுபடியும் பூசினால், நிறமி அடுக்கடுக்காகச் சேர்ந்து நுனி கருத்துப்போகும். முடியும் வறண்டு சொரசொரக்கும். வேரில் பழுப்பு, நடுவில் அடர்பழுப்பு, நுனியில் கருப்பு என்று மூன்று பட்டைகளாக வரும் முடியைச் சரிசெய்வது எங்கள் வேலையிலேயே கடினமானவற்றுள் ஒன்று. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் சிறு தூரிகையால் பூசி, பழைய முடியின் மேல் படாமல் பார்த்துக்கொண்டாலே இதைத் தவிர்த்துவிடலாம்.

பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பாகக் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிச் சோதித்துப் பார்க்கும்படி பெட்டியில் எழுதியிருப்பதைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா-ஃபினைலீன்டையமின் பல கருஞ்சாயங்களில் இருக்கிறது. அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தலைத்தோல் அரித்துப் புண்ணாவதோடு கண்ணிமையும் முகமும் வீங்கலாம். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாயம் பூசியவருக்கும் ஒரு நாள் ஒவ்வாமை தொடங்கக்கூடும் என்பதால், பழக்கமான சாயம்தானே என்ற நம்பிக்கை இங்கே போதாது. கருப்பு மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றிலும் இதே பொருள் கலந்திருப்பதுண்டு.

நிறத்தை வெளுக்கச் செய்யும் வேலையை, அதாவது ப்ளீச் பொடியும் பெராக்சைடும் கலந்து முடியில் பூசுவதை, வீட்டில் செய்யவே வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். தலைத்தோலின் உடற்சூடு காரணமாக வேரையொட்டிய ஒரு சென்டிமீட்டர் பகுதி, நுனியைவிட வேகமாக வெளுக்கும். அதனால்தான் நாங்கள் நடுமுடியில் முதலில் பூசி, வேருக்குக் கடைசியாக வருகிறோம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, எட்டாத பின்னந்தலையில், தன் கையாலேயே ஒருவர் இந்த நேரக்கணக்கைப் பிடிப்பது மிகவும் அரிது. நரை உறுத்தினால் ஒரு தலைக்குளியலில் போய்விடும், முடியின் வேரில் தூவும் நிறப்பொடியோ நிறத் தெளிப்பானோ, சில குளியல்களில் மங்கிவிடும் நிறக் கண்டிஷனரோ வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அளவுகோலின்படி அவை தாராளமாக வீட்டுக்கு உரியவை.

முடி வெட்டுவதைப் பொறுத்தவரை, நீளத்தை மாற்றாமல் நுனியை மட்டும் சீராக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெற்றி முடி கண்ணை மறைத்தால், அதை உலர்ந்த நிலையில் வெட்டுங்கள். ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலேறிவிடும், சுருள்முடியில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்து ஒரே கோடாக வெட்டாமல், செங்குத்தாகப் பிடித்து நுனியை மட்டும் கொத்திக் கொத்தி எடுங்கள். வேண்டிய நீளத்துக்கு ஒரு விரல் அகலம் முன்பாகவே நிறுத்திவிட்டு, அடுத்த நாள் பார்த்து மீதியை எடுக்கலாம். காகிதம் வெட்டிய கத்தரிக்கோல் முடியை வெட்டாமல் மடக்கி நசுக்கும். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

புருவத்தில், வடிவத்துக்கு வெளியே தெளிவாகத் தனித்து நிற்கும் முடிகளை மட்டும், பகல் வெளிச்சத்தில், வளரும் திசையிலேயே பிடுங்குங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டாம். அதில் பார்த்தால் எல்லாமே எடுக்க வேண்டியதாகத் தெரியும். முகத்தில் வேக்சிங் செய்வதையும், தோலின் மேலடுக்கை உரிக்கும், வீரியமான அமிலங்கள் கொண்ட பீலிங் வகைகளையும் தவிர்த்துவிடுங்கள். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) களிம்பு பூசுகிறவர்களுக்கும் பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் வேக்சிங்கின்போது முடியோடு தோலும் உரிந்து வந்துவிடும் அபாயம் உண்டு. இதனால்தான் எங்கள் நிலையத்தில் வேக்சிங்குக்கு முன் மருந்துகள் பற்றிக் கேட்கிறோம்.

நகத்தில் ஜெல் பாலிஷ் (விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சு) இருக்கும்போதே நிலையம் மூடப்பட்டதால் மாட்டிக்கொண்டவர்கள் சிலர் அதைப் பல்லாலும் இன்னொரு நகத்தாலும் உரித்தெடுத்ததாகச் சொன்னார்கள். அப்படி உரியும்போது பாலிஷ் மட்டும் வருவதில்லை. நகத்தகட்டின் மேலடுக்குகளும் கூடவே கிழிந்து வந்து, நகம் வெள்ளைத் திட்டுகளோடு காகிதம்போல் வளைகிறது. முறையாக எடுக்க, மேற்பளபளப்பை அரத்தால் தேய்த்து நீக்கி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் விட்டால் ஜெல் தளர்ந்து எழும்பும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் போதும். எழும்பாத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி சில நிமிடம் சுற்றிவையுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்து, எரியும் அடுப்பும் சுடர்விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் நகத்துக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் எண்ணெய் தடவுங்கள்.

வீட்டுக்கென்று விற்கப்படும் விளக்கோடு கூடிய ஜெல் பெட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முழுவதும் இறுகாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட் பொருள்களுக்கு ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டானால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். அதே வகைப் பொருள்கள் பல் சிகிச்சையிலும் பயன்படுகின்றன என்பதால், பின்னாளில் மருத்துவத்திலும் இது சிக்கலாகலாம்.

தோலுக்கு இப்போது தேவைப்படுவது குறைவான கவனிப்புதான். மாஸ்க்குக்குள் வியர்வையும் உராய்வும் சேர்வதால் வரும் பருக்களுக்கு மென்மையான கிளென்சரும் வாசனையில்லாத மாய்சரைசரும் போதும். மாஸ்க் மூடும் பகுதியில் மேக்கப்பைத் தவிருங்கள். கைகளைச் சோப்பால் 20 விநாடி கழுவியதும், ஈரம் முழுவதும் காய்வதற்குள் கிரீம் தடவுங்கள்.

காய்ச்சலில் விழுந்து எழுந்த சிலர், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கைநிறைய முடி கொட்டுகிறது என்று பதறி, எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்கிறார்கள். கடும் காய்ச்சலோ உடல் அதிர்ச்சியோ ஏற்பட்டால் பெருமளவு முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக் கட்டத்துக்குப் போய்ப் பின்னர் உதிர்கின்றன. பெரும்பாலோருக்கு இது ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில் தானே சரியாகிவிடும். இதற்காக எங்களிடமோ வேறெங்குமோ விலையுயர்ந்த சிகிச்சை எடுக்க வேண்டியதில்லை. திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ, மாதங்கள் கடந்தும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இனி எங்கள் பக்கம். துணிக்கடையில் இன்று விற்காத புடவை நாளைக்கு விற்கும். எங்கள் நாற்காலியில் இன்று காலியாகப் போன ஒரு மணி நேரத்தை நாளை விற்க முடியாது. திறந்ததும் எல்லோரும் வருவீர்கள் என்றாலும், ஆறு வாரம் தள்ளிப்போன முடிவெட்டலை யாரும் மூன்று முறை செய்துகொள்வதில்லை. வாடகையோ மூடிய கடைக்கும் உண்டு. திறந்த சாயக் குழாய்கள் காற்றுப்பட்டு வீணாகின்றன. இவை எல்லாவற்றையும்விட எங்களை வருத்துவது பணியாளர்களின் நிலை. இத்தொழிலில் பலர் செய்த வேலைக்கான பங்கையே சம்பளமாகப் பெறுகிறார்கள். வேலை நின்ற நாளோடு வருமானமும் நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் கைப்பழக்கத்தில் தேர்ந்த ஒருவர் பிழைப்புக்காக வேறு தொழிலுக்குப் போய்விட்டால், பிறகு திரும்பி வருவது அரிது.

உதவ விரும்புவோர், உங்கள் வருமானம் குறையாமல் இருந்தால் மட்டும், பின்னாளில் செய்துகொள்ளப்போகும் ஒரு சேவைக்கு முன்பணம் செலுத்தலாம், அல்லது பரிசுச் சீட்டு வாங்கலாம். எங்களிடம் வாங்கினாலும் வேறொரு நிலையத்தில் வாங்கினாலும், அது எப்போது வரை செல்லும், நிலையமே மூடப்பட்டால் பணம் என்னாகும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எழுத்தில் தருவது எங்கள் கடமை. எப்படியும் வாங்கப்போகிற ஷாம்பூவையும் கண்டிஷனரையும் எங்களிடம் வாங்குவது இன்னொரு வழி. காணொளி அழைப்பில் எங்கள் நிபுணரோடு பேசி உங்கள் முடிக்கேற்ற சாயத்தையும் பூசும் முறையையும் கேட்டறியலாம். அந்தக் கட்டணம் முழுவதும் பேசும் பணியாளருக்கே போகிறது. செலவில்லாத உதவிகளும் உண்டு: எங்கள் வேலை பிடித்திருந்தால் நான்கு பேரிடம் சொல்லுங்கள், முன்பதிவை மாற்ற வேண்டுமானால் முந்தைய நாளே தெரிவியுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டாம் என்று வேண்டுகிறோம். எங்கள் பணியாளர்களைத் தனியே அழைத்து, வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். பணம் தேவைப்படும் நிலையில் அவர்களால் மறுக்க முடியாது. ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போய்வருகிறவர் தனக்கும், தன் வீட்டு முதியவர்களுக்கும், உங்கள் வீட்டாருக்கும் ஆபத்தைச் சுமந்து செல்ல நேரும்.

மறுபடி திறக்கும்போது மாஸ்க் கட்டாயம் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 2020 மே மாதம், தொற்றின் அறிகுறிகளோடு வேலை செய்த இரண்டு சிகையலங்காரப் பணியாளர்கள் 139 பேருக்குச் சேவை செய்திருந்தார்கள். அந்த நிலையத்தில் இரு தரப்பினரும் மாஸ்க் அணிவது நடைமுறையாக இருந்தது. வாடிக்கையாளர்களில் பரிசோதனைக்கு முன்வந்த 67 பேருக்கும் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. ஆனால் அந்தப் பணியாளர்கள் இருவரும் வேலைக்கு இடைப்பட்ட நேரங்களில் மாஸ்க் இல்லாமல் பழகியிருந்தார்கள். ஆகவே எங்கள் பணியாளர்கள் சாப்பிடுவதும் ஓய்வெடுப்பதும் இனித் தனித்தனி நேரத்தில். மாஸ்க்கைக் கழற்ற வேண்டிய ஃபேஷியலும் மேலுதட்டுத் த்ரெடிங்கும் எல்லாவற்றுக்கும் கடைசியாகவே தொடங்கும். சீப்புகளும் கத்தரிக்கோல்களும் ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்பு நீரில் கழுவப்பட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கப்படும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் கடைசி நிமிடத்திலும் முன்பதிவைத் தள்ளிவைக்கலாம், கட்டணம் பிடிக்கமாட்டோம்.

முன்பதிவு செய்யும்போது, இந்த இடைவெளியில் முடிக்கு என்னென்ன பூசினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. உலோக உப்புகள் கலந்த சில மருதாணிப் பொடிகளும் படிப்படியாகக் கருக்கும் சாயங்களும் பூசிய முடியில் எங்கள் பெராக்சைடு பட்டால் சூடு கிளம்பி முடி முறிந்துவிடக்கூடும். பூசிய பொருளின் பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள், அல்லது அதன் மூலப்பொருள் பட்டியலைப் படமெடுத்து அனுப்புங்கள். அத்தகைய முடியில் ஒரு சிறு கற்றையை மட்டும் எடுத்து முதலில் சோதிப்போம். அதற்காக உங்கள் முதல் வருகைக்கு வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
அழகு நிலையத்தின் உரிமையாளரும் பணியாளர்களும்